மயிலாத்தாள் நலமாக இருக்கிறாரா?

போன வாரம் ஒரு போன் வந்தது, கண்ணுகளா.

மத்தியான நேரம். என் மோட்டார் கட்டும் கடையில் கரன்ட் இல்லை. எதிரே லேத் பட்டறையும் நின்று போயிருந்தது. எங்கள் தெருவில் சத்தமே இல்லை என்றால் கரன்ட் போயிருக்கிறது என்று அர்த்தம். காயில் என்கிற செம்புக் கம்பிச் சுற்றைப் பாதி மட்டும் கட்டிய மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் போன் அடித்தது.

பெண் குரல். ஆனால் அந்தப் பக்கம் பெண் யாரும் இல்லை. உங்களுக்குத் தெரியுமே... பதிவு செய்து வைத்த குரல். நடுவில் மூச்சே விடாத குரல்.

"வணக்கம். அண்மையில் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற... மயி... லாத்... தாள்... அவர்கள் இப்போது நலமாக இருக்கிறாரா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்."

போனைக் காதில் இருந்து எடுத்து நம்பரைப் பார்த்தேன்.

மயிலாத்தாள் என் தங்கச்சி. வீட்டில் மயிலு என்று கூப்பிடுவோம். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அவள் இறந்துவிட்டாள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

அந்தக் குரல் மறுபடியும் கேட்டது. கோபமே இல்லாமல், முதலில் கேட்ட மாதிரியே. ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு...

அது கேட்டுக்கொண்டே இருக்கட்டும். இறந்துபோன பிள்ளையின் நலத்தை ஒரு கம்ப்யூட்டர் எதற்காக விசாரிக்க வேண்டும்? அதை உங்களுக்கு முதலில் இருந்து சொன்னால்தான் புரியும்.

என் மகள் தாரணியை, உங்களுக்காக நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிக்கிற பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு. கேள்வி கேட்டே ஆளைத் தீர்த்துவிடுவாள். நான், என் மனைவி கலாமணி, தாரணி — ரேஷன் கார்டில் மூன்று பேர். ஆனால் எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர்.

எங்கள் பக்கம் சில வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆகாமல் சின்ன வயதிலேயே போய்விட்ட பெண் பிள்ளையை வீட்டுச் சாமியாகக் கும்பிடுவார்கள். எங்கள் சாமி அறையிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. உள்ளே மயிலுக்கு ஒரு பட்டுப்பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன். ஒவ்வொரு பொங்கலுக்கும் புதுத் துணி எடுத்து வைப்போம். பழையதை யாராவது ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம். பணியாரம் சுட்டால் முதல் பணியாரம் மயிலுக்கு. "மயிலுக்கு எடுத்து வச்சியா?" என்று கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைக்க மாட்டோம்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. பயந்ததும் இல்லை... இந்தப் பொங்கல் வரைக்கும்.

இந்தப் பொங்கலுக்கு ஒப்பணக்கார வீதியில் துணி எடுக்கப் போனோம். மயிலுக்கு எப்போதும் எட்டு வயது அளவுதான். தாரணிக்கும் இப்போது எட்டு வயது அளவு. அவளுக்குப் பிடித்தது மாம்பழ நிறம். "அத்தைக்கும் இதே எடுக்கலாம்ப்பா" என்றாள். ஒரே நிறம், ஒரே கரை, இரண்டு பாவாடை. கடைக்காரர் மடித்துக் கொடுத்துக்கொண்டே சிரித்தார்.

"ஏனுங்க, ரெட்டைப் பிள்ளைங்களா? இன்னொரு பாப்பாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமுங்களே!"

தாரணி சிரித்தாள். கலாமணியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? மயிலு எட்டு வயதில் நின்றுவிட்டாள். என் மகள் இப்போது அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். தாண்டிவிடுவாளா? யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ஆரம்பித்த பயம், தாரணி தும்மினால்கூட என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

அந்தப் பயத்தில்தான் மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

எதை எடுப்பது? அதில்தான் குழப்பம். ஒரு பக்கம் அரசாங்கக் காப்பீட்டு அட்டை. வருமானச் சான்றிதழ் வாங்க வேண்டும். ரேஷன் கார்டோடு குடும்பமே கலெக்டர் ஆபீஸுக்குப் போய் போட்டோவுக்கு உட்கார வேண்டும். ஆனால் கட்டணம் கிடையாது. இன்னொரு பக்கம் தனியார் பாலிசி. வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். ஆனால் போனிலேயே முடிந்துவிடும் என்றார் துரைசாமி அண்ணன். என்னிடம் மோட்டார் கட்டக் கொடுக்கிறவர். இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலையும் பார்க்கிறார்.

"தம்பி, சர்க்கார் கார்டு வாங்கோணும்னா கடைய ஒரு நாள் சாத்தோணும். இது பாரு, லிங்க் அனுப்பறேன். டீ ஆறதுக்குள்ள முடிஞ்சுபோகும்" என்றார்.

கலாமணி ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்களும் அந்தண்ணனும் முடிவு பண்ணுனா ஆச்சுங்களா? அம்மன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம்."

எங்கள் ஊரில் பெரிய முடிவு என்றால் பூ வைத்துக் கேட்பது உண்டு. பெண் பார்ப்பதற்கு, போர்வெல் போடுவதற்கு, புது பஸ் ரூட்டுக்கு... எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். சின்னப் பிள்ளை ஒன்று எடுத்துக் கொடுக்கும். இன்சூரன்ஸுக்காகப் பூ கேட்ட குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும்! எங்கள் தெரு மாகாளியம்மன் கோயில் பூசாரி, "எதுக்குங்க?" என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு பூவைக் கட்டினார்.

வெள்ளை என்றால் அரசாங்க அட்டை. சிவப்பு என்றால் தனியார்.

தாரணி எடுத்தாள். வெள்ளை.

"பாத்தீங்களா?" என்றாள் கலாமணி.

பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? வருமானச் சான்றிதழுக்கு ஒரு தடவை போனேன். கிராம நிர்வாக அலுவலர் கூட்டத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தேன். துரைசாமி அண்ணனின் லிங்க் போனில் காத்துக்கொண்டிருந்தது. கார்டு கிடைக்கும் வரைக்கும் இது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அன்று ஒரு சனிக்கிழமை. தாரணி கடைக்கு வந்திருந்தாள். எனக்கு இரண்டு கையிலும் வார்னிஷ். காயில் சுற்றும்போது சுற்றுக் கணக்கு தவறினால் மோட்டார் கருகிவிடும். அதனால் அவளிடமே போனைக் கொடுத்தேன். நான் பத்தாவதோடு நின்றவன். இவள் என்னைவிட வேகமாக அடிப்பாள்.

"அப்பா, குடும்பத்துல இருக்கறவங்களச் சேர்க்கச் சொல்லுதுங்கப்பா. யாரையெல்லாம் போடட்டும்?"

"எல்லாரையும் போட்டுரு கண்ணு. ஒருத்தரையும் உட்டுப்போடாத" என்றேன், சுற்றை விடாமல்.

அவள் ஒருத்தரையும் விடவில்லை.

நாலு நாளில் பாலிசி வந்தது, போனில், ஆங்கிலத்தில். அதைப் படிக்கத் தெரிந்த துரைசாமி அண்ணன் திறந்துகூடப் பார்க்காமல், "வந்துருச்சுல்ல, அவ்வளவுதான். மொத மாசம் மட்டும் யாரும் காய்ச்சல்னு படுத்துறாதீங்க, பணம் குடுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் மாதம் போனது. யாரும் படுக்கவில்லை. சித்திரை போனது, வைகாசி போனது. பள்ளிக்கூடம் திறந்தது. நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தும்மலுக்குத் திரும்பிப் பார்ப்பதை விட்டேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில் தாரணி சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள்.

"வயித்த வலிக்குதுங்கப்பா."

"எங்க கண்ணு?"

வலது பக்கம் கீழே கை வைத்துக் காட்டினாள்.

கண்ணுகளா, இந்த இடத்தில் நான் மயிலு எப்படி இறந்தாள் என்று சொல்லியாக வேண்டும். அப்போது எங்கள் அப்பா வால்பாறையில் எஸ்டேட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மயிலுக்கு வயிற்று வலி வந்தது. சூட்டு வலி என்று விளக்கெண்ணெய் தடவினார்கள். குறையவில்லை. வாந்தி வந்தது. பொள்ளாச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று பஸ் ஏறினோம். மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக பஸ் இறங்கியது. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். மயிலு, "அண்ணா, எனக்கு ஜன்னலோரம் குடு" என்றாள். கொடுத்தேன். அம்மா மடியில் காலும் ஜன்னல் கம்பியில் தலையுமாகச் சாய்ந்திருந்தாள். கீழே ஆழியாறு அணைத் தண்ணீர் பளபளவென்று தெரிய ஆரம்பித்தது. "மயிலு, தண்ணி பாரு" என்று நான் சொன்னேன். அவள் பார்க்கவில்லை.

அவள் ஆழியாறு வந்து சேரவே இல்லை.

குடல்வால் வெடித்திருக்கும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் சின்ன ஆபரேஷன்தானாம். இதெல்லாம் நான் தாரணியிடம் சொன்னதில்லை. பஸ்ஸைப் பற்றி, ஜன்னலைப் பற்றி... எதுவும். "அத்தை காய்ச்சல்ல சாமி ஆயிட்டாங்க" என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தோம்.

இப்போது தாரணி அதே இடத்தில் கை வைத்துக் காட்டுகிறாள். நான் விளக்கெண்ணெய் தேடுவேனா? அப்படியே வண்டியில் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா சொன்னார். "குடல்வால் வீங்கியிருக்குங்க. இன்னிக்கே எடுத்தர்றது நல்லது. சரியான நேரத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

சரியான நேரம்! அந்த வார்த்தைக்காக அந்தம்மா காலில் விழுந்திருப்பேன்.

"இன்சூரன்ஸ் இருக்குங்களா?"

"இருக்குங்க" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன், தெரியுமா?

இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ஒரு பெண் இருந்தார். பெயர் ஜெனிஃபர். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்தார். என் போனில் இருந்த பாலிசி நம்பரைத் தட்டினார். வேகமாக வேலையை முடித்தார். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, "அண்ணா, அப்ரூவல் வந்துருச்சுங்க. பணத்தப் பத்திக் கவலப்படாதீங்க. பாப்பாவ உள்ள கூட்டிட்டுப் போகலாம்" என்றார்.

தாரணி கட்டிலில் படுத்திருந்தாள். நர்ஸ் ஒருவர் வந்து அவள் மணிக்கட்டில் வெள்ளை பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார். ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு அப்படிப் பெயர் எழுதிக் கட்டுவார்கள்.

கலாமணி அவள் கையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தடவிய கை நின்றது.

"ஏனுங்க... இங்க வாங்க."

போய்ப் பார்த்தேன்.

என் மகள் கையில் 'மயிலாத்தாள், பெண், 8' என்று அச்சடித்திருந்தது.

யாராவது விளையாடுகிறார்களா என்று முதலில் நினைத்தேன். யார் விளையாடுவார்கள்? அந்தப் பெயரை அந்த ஆஸ்பத்திரியில் யாருக்குத் தெரியும்? அந்தப் பெயர் ஒரு ஆதாரில் இல்லை, ஒரு பள்ளிக்கூடத்துச் சான்றிதழில்கூட மிச்சம் இல்லை. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்கு வெளியே அந்தப் பெயருக்கு இடமே இல்லை. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டையின் நுனி காற்றில் லேசாக ஆடியது.

ஜெனிஃபரிடம் ஓடினேன்.

"ஏனுங்கண்ணா? பாலிசில ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பிறந்த தேதி. ட்வின்ஸுதானுங்களே? அவசரத்துல இன்னொரு பாப்பா பேரு போட்டுட்டனாட்ட இருக்குது. இவ பேரு மயிலாத்தாள் இல்லீங்களா?"

துணிக்கடைக்காரர் கேட்ட அதே கேள்வி!

"இல்லீங்க. இவ தாரணி."

"அப்ப மயிலாத்தாள் ஊட்டுல இருக்கறாங்களா?"

நான் என்ன பதில் சொல்லட்டும்? வீட்டில்தானே இருக்கிறாள்!

ஓடி வந்து தாரணியிடம் கேட்டேன். வலியில் கண்ணை மூடியிருந்தவள் மெல்லத் திறந்தாள். "நீங்கதானப்பா ஒருத்தரையும் உட்டுப்போடாதன்னீங்க... அத்தையும் நம்ம குடும்பந்தானுங்களே. வயசு கேட்டுது. அத்தைக்கு எப்பவும் எட்டு வயசுதான? லிஸ்டுல அத்தைன்னே இல்ல, மகள்னு போட்டேன். தேதி தெரியல. அதனால என்ற தேதியவே போட்டேன்."

அவளைத் திட்ட முடியுமா? எட்டு வயது அளவில் வருஷா வருஷம் துணி எடுத்து வந்தது யார்? முதல் பணியாரத்தை எடுத்து வைத்தது யார்? நாங்கள் வீட்டில் நான்கு பேர் என்று கையில் ஊட்டி வளர்த்துவிட்டு, கம்ப்யூட்டரிடம் மட்டும் மூன்று என்று சொல் என்றால் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஜெனிஃபர் மெதுவாகச் சொன்னார். "அண்ணா, அப்ரூவல் இந்தப் பேருல வந்துருச்சுங்க. மாத்துனா மறுபடி மொதல்ல இருந்து கேக்கோணும். கெடைக்குமா, எப்பக் கெடைக்கும்னு சொல்ல முடியாதுங்க. ரெண்டும் உங்க பொண்ணுங்கதான... நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணட்டும்?"

கலாமணி என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அப்படியே இருக்கட்டுமுங்க."

"என்ன சொல்ற நீ?"

"மயிலு நம்ம ஊட்டுச் சாமி. பேரு தானா வந்து ஒக்காந்திருக்குது. கூடவே போகட்டும். துணைக்கு."

பாருங்கள், ஒரே பட்டைதான். கலாமணிக்கு அது துணை. எனக்கு? ஜன்னலோரம் கேட்டுக் கை நீட்டுகிற மாதிரி இருந்தது. எட்டு வயதில் நின்றுபோனவள், எட்டு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்... துணைக்கு வருகிறாளா, துணைக்குக் கூப்பிடுகிறாளா?

தள்ளுவண்டியோடு ஆள் வந்துவிட்டார். நர்ஸ் குனிந்து பட்டையைப் பார்த்து வழக்கம்போலக் கேட்டார்.

"பாப்பா பேரு மயிலாத்தாளா?"

தாரணி என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வலியில் உதடு காய்ந்து போயிருந்தது. "ஆமா" என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"இல்லீங்க!" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "இவ தாரணி. மயிலாத்தாள் என்ற தங்கச்சி. செத்துப்போயிட்டா. நான் சின்னப் பையனா இருக்கறப்பவே செத்துப்போயிட்டா."

கண்ணுகளா, ஒன்று சொன்னால் நம்புவீர்களா? மயிலு இறந்துவிட்டாள் என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் "சாமி ஆயிட்டா" என்றுதான் சொல்வோம். அந்த இன்னொரு வார்த்தையை நாங்கள் யாருமே சொன்னதில்லை.

ஜெனிஃபர் வந்து நின்றார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கத்திரிக்கோலை எடுத்து அவரே பட்டையை வெட்டினார்.

"தெரிஞ்சதுக்கப்புறம் என்னால உட முடியாதுங்கண்ணா. பேரு மாறுனா மருந்து மாறும், ரத்தம் மாறும். நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. புதுசா அனுப்பறேன். வந்தா வரட்டும், வராட்டி பாத்துக்கலாம்."

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "பேப்பர் வேலை பின்னாடி நடக்கட்டும். புள்ளைய உள்ள கொண்டாங்க."

தாரணி என்று எழுதிய புதுப் பட்டையோடு என் மகள் உள்ளே போனாள். கதவு மூடியது.

கலாமணி குனிந்து, தரையில் கிடந்த வெட்டிய பட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? பயந்துவிட்டீர்களா? தாரணி நன்றாக இருக்கிறாள்.

ஆனால் மயக்கம் தெளியும்போது அவள் ஒன்று சொன்னாள். அதைச் சொல்லட்டுமா வேண்டாமா என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன்.

கண்ணைப் பாதி திறந்தாள். நாக்கு குழறியது.

"அப்பா... பஸ்ல போனேன்."

"எந்த பஸ் கண்ணு?"

"வளைஞ்சு வளைஞ்சு போச்சு. ஒரு புள்ள ஜன்னலோரம் ஒக்காந்திருந்துச்சு. என்ற பாவாடையாட்டவே போட்டிருந்துச்சு. மாம்பழக் கலரு. தண்ணி தெரிஞ்சுதுப்பா... நெறையாத் தண்ணி. அந்தப் புள்ள, நீ இங்கயே எறங்கிக்க, நான் போய்க்கறேன்னு சொல்லுச்சு."

அப்படியே தூங்கிவிட்டாள்.

நானும் கலாமணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தாரணி வால்பாறைக்குப் போனதே இல்லை. பிள்ளைகள் எங்காவது அரைகுறையாகக் காதில் வாங்கியிருப்பார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். மயக்க மருந்தில் இப்படிப் பேசுவது சகஜம்தானாம். இருக்கலாம். கலாமணியும் நானும் அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு எப்போதாவது பேசியிருக்கலாம். இருக்கலாம்...

கலாமணி மட்டும் முந்தானை முடிச்சைத் தொட்டுக்கொண்டு, "நான் சொன்னனல்லங்க, துணைக்குன்னு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தாள். பட்டுப்பாவாடை, கண்ணாடி வளையல், ரிப்பன்... அதற்கு நடுவில் அந்த வெள்ளை பிளாஸ்டிக் பட்டையையும் வைத்தாள்.

இன்சூரன்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தாரணி பெயரில் புதிதாக அனுப்பியது, நிறைய விளக்கம் கேட்டு, கடைசியில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். ஜெனிஃபரும் உதவி செய்தார். ஆனால் மயிலின் பெயரை பாலிசியில் இருந்து எடுக்க வேண்டுமே! அதற்கு போன் செய்தேன். இந்தத் தடவை மூச்சு விடுகிற ஆள்தான் பேசினார்.

"சார், உங்க மகளை நீக்கறதுக்கு என்ன காரணம் சார்?"

"இறந்துட்டாங்க. மகள் இல்லீங்க, தங்கச்சி."

"ஸாரி சார். எப்ப இறந்தாங்க?"

"நான் அஞ்சாவது படிக்கறப்ப."

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"சார்... எட்டு வயசுன்னு போட்டிருக்குது."

"ஆமாங்க. எட்டு வயசுலதான் இறந்தா."

"சார், போன மாசந்தான் அட்மிட் ஆகியிருக்காங்க சார்..."

கடைசியில் இறப்புச் சான்றிதழ் கேட்டார். மலைப்பாதையில், ஓடுகிற பஸ்ஸில், ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் போன உயிருக்கு எந்த ஆபீஸில் சான்றிதழ் வாங்குவது? அன்றைக்கு யாருக்கும் அது தோன்றவில்லை. இப்போது கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள்.

அரசாங்க அட்டைக்கும் இப்போது எல்லாம் தயார். வருமானச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. அங்கே ரேஷன் கார்டில் இருக்கிறவர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள். கேமரா முன்னால் ஆள் நேரில் உட்கார வேண்டும். சாமியைச் சேர்க்க வழியே இல்லை. "அம்மன் அன்னிக்கே வெள்ளப் பூ குடுத்துச்சு" என்று கலாமணி தினமும் ஒரு தடவை சொல்லிக் காட்டுகிறாள். எதற்காகக் கொடுத்தது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. உங்கள் வீட்டில் யாராவது, "கண்ணு, இத அடிச்சுக் குடு" என்று போனை நீட்டினால், அனுப்புவதற்கு முன்னால் பெரியவர்களுக்கு ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டிவிடுங்கள். கம்ப்யூட்டருக்குச் சாமியும் ஆளும் ஒன்றுதான். சொன்னதை எல்லாம் நம்பும்.

சரி. மறுபடியும் அந்த போனுக்கு வருகிறேன்.

ஜெனிஃபர் முதலில் வாங்கிய அப்ரூவலை ரத்து செய்யச் சொல்லியிருந்தார். எங்கேயோ ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அதைப் பொறுத்தவரை மயிலாத்தாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சரியான நேரத்துக்கு வந்தாள். சின்ன ஆபரேஷன் செய்துகொண்டாள். வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். இப்போது எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறது.

அந்தக் குரல் மூன்றாவது தடவை கேட்டது. ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு.

கரன்ட் இல்லாத கடையில், பின்னால் பாயில் படுத்திருந்த தாரணி எழுந்து உட்கார்ந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. போனில் இருந்து வந்த பெயர் அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

"அத்தையவா கேக்கறாங்க?"

"ம்."

"நல்லா இருக்காங்களான்னா?"

"ம்."

"அப்பறம் என்னங்கப்பா யோசன பண்றீங்க? பாவம், எத்தன நேரந்தான் கேக்கும்?"

அழைப்பைத் துண்டிக்கத்தான் விரலைக் கொண்டு போனேன். கடிதம் போட்டாயிற்று. எப்படியும் ஒரு நாள் திருத்திவிடுவார்கள். அதுதான் சரியும்கூட. ஆனால் அது வரைக்கும் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் என் தங்கச்சி ஆழியாறு தாண்டிவிட்டாள்.

ஒன்றை அழுத்தினேன்.

"நன்றி" என்றது அந்தக் குரல். அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் மட்டும், சத்தியமாகச் சொல்கிறேன் கண்ணுகளா, ஒரு சின்ன மூச்சு கேட்டது.